இங்கிலாந்துக் கால்பந்தில் மாற்று கோல்கீப்பராக நிலைப்பது எப்படி

ஒரு நடுக்கள வீரர் முதல் பதினொருவரில் இடம்பெறாமல் போனாலும், ஆட்டத்தின் கடைசி 20 நிமிடங்களில் களமிறங்கித் தன் திறமையைக் காட்ட வழி உண்டு. இடப்பக்கத்தில் இடம் கிடைக்காத பின்கள வீரர் வலப்பக்கத்தில் ஆடிப் பிழைத்துக்கொள்ளலாம். கோல்கீப்பருக்கு இந்த இரண்டு கதவுகளுமே இல்லை. முதல் கோல்கீப்பர் காயம்பட வேண்டும், சிவப்பு அட்டை வாங்க வேண்டும், அல்லது அவர்மேல் மேலாளர் வைத்த நம்பிக்கை தீர வேண்டும். அப்போதுதான் அந்த இடத்தில் ஆள் மாறும். பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள், அதற்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளில் 72 கிளப்புகள் என்று பார்த்தால், இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் கோல்கீப்பருக்கான இடங்கள் மொத்தமே 92. ஒவ்வொரு கிளப்பும் இரண்டு அல்லது மூன்று பேரைச் சம்பளத்தில் வைத்திருப்பதால், ஆடாத கோல்கீப்பர்களின் எண்ணிக்கை ஆடுபவர்களின் எண்ணிக்கைக்குக் குறைந்ததல்ல. அந்த ஆடாதவர்களின் வரிசையில் நிற்பவருக்காகவும், நிற்கப் போகும் இளைஞருக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெஞ்சில் உட்காருவது எல்லா வயதிலும் ஒரே வேலை அல்ல. 19 வயதில் அது படிப்பு. 26 வயதில் அது ஆபத்து. 34 வயதில் அது கௌரவமான உத்தியோகம். இந்த மூன்றில் எதில் இருக்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்தான் இந்தத் தொழிலில் வீணாகிறார். கீழே சொல்லப்படும் எல்லா யோசனைகளும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

நுழைவும் லோனும்

இங்கிலாந்தில் வளரும் சிறுவனுக்கு வழி ஓரளவு நேரானது. கிளப் அகாடமிகள் 9 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்தே சிறுவர்களைப் பதிவு செய்கின்றன. 16 வயதில் இரண்டாண்டுப் பயிற்சி ஒப்பந்தம் கிடைக்கலாம். 17 வயதிலிருந்து தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு வழி மிகக் குறுகியது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 முதல், 18 வயது நிரம்பாத வெளிநாட்டு வீரர்களை ஆங்கிலக் கிளப்புகள் வாங்க முடியாது. அதற்கு மேற்பட்டவர்களுக்கும் தேசிய அணி ஆட்டங்கள், ஆடிய லீக்கின் தரம் போன்றவற்றுக்குப் புள்ளிகள் கணக்கிட்டே பணி அனுமதிக்கான ஒப்புதல் தரப்படுகிறது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாக இங்கே மாற்று கோல்கீப்பராகப் போகலாம் என்று எந்த முகவராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் இந்த விதிகளைப் படித்துவிடுங்கள்.

முதல் ஒப்பந்தம் கையில் வந்தபின் வரும் கேள்வி, லோனில், அதாவது சொந்தக் கிளப்பின் ஒப்பந்தத்தில் இருந்தபடியே வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக ஆட, எங்கே போவது என்பது. ஜோர்டன் பிக்ஃபோர்ட் சண்டர்லாந்தில் இருந்தபோது டார்லிங்டன், ஆல்ஃப்ரெட்டன் டவுன், பர்ட்டன் ஆல்பியன், கார்லைல் யுனைடெட், பிராட்ஃபோர்ட் சிட்டி, பிரெஸ்டன் நார்த் எண்ட் என்று படிப்படியாக ஏறித்தான் மேலே வந்தார். இதில் முதல் இரண்டு கிளப்புகள் அந்த 92-க்குள்கூட வராதவை. அகாடமி ஆட்டங்களில் கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோல்வாய்க்கு முன்னால் அனுப்பப்படும் பந்து) வரும்போது யாரும் முழங்கையால் இடிப்பதில்லை. தோற்றால் யாருடைய வீட்டுக் கடன் தவணையும் நிற்பதில்லை. கீழ்ப்பிரிவில் ஆறு கஜப் பெட்டிக்குள் 90 கிலோ முன்கள வீரர் முதுகை வைத்துத் தள்ளும்போது மேலெழும்பிப் பந்தைப் பிடிக்கவும், பிடிக்க முடியாது என்று அரை நொடியில் முடிவெடுத்துக் குத்தி வெளியேற்றவும் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

லோனுக்குச் சம்மதிக்கும் முன், அந்தக் கிளப்பில் இப்போதைய முதல் கோல்கீப்பர் யார், அவர் ஏன் ஆடவில்லை என்று கேளுங்கள். முழுநேரக் கோல்கீப்பர் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். சொந்தக் கிளப் உங்களைப் பாதியில் திரும்ப அழைத்துக்கொள்ளும் விதி ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முகவரைக் கொண்டு வரிவரியாகப் படிக்கச் செய்யுங்கள். ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு கிளப்பின் பெஞ்சுக்கு லோனில் போவதைப் போல நேரத்தைத் தின்னும் காரியம் வேறில்லை. அதைவிட, சொந்தக் கிளப்பின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுவது மேல். முதல்தரப் பிரிவு அகாடமிகளின் 21 வயதுக்குட்பட்டோர் அணிகள் 2016 முதல் இஎஃப்எல் (பிரீமியர் லீக்குக்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளின் அமைப்பு) டிராஃபியில் மூன்றாம், நான்காம் பிரிவுகளான லீக் ஒன், லீக் டூ கிளப்புகளின் பெரியவர் அணிகளோடு மோதுவதால், அங்கேயும் சில நல்ல சோதனைகள் கிடைக்கும்.

ஆடாத நாளின் வேலை

மாற்று கோல்கீப்பரின் வேலை சனிக்கிழமை பிற்பகலில் இல்லை. செவ்வாய், வியாழன் காலைகளில் இருக்கிறது. பயிற்சித் திடலில் ஒரு மூலையில் கோல்கீப்பர் பயிற்சியாளரும் இரண்டு மூன்று கோல்கீப்பர்களும் தனிக் குடும்பமாக இயங்குகிறார்கள். முதல் கோல்கீப்பர் பாயும் பந்துகளில் பாதியை அடிப்பவர் நீங்கள். நீங்கள் பாயும் பந்துகளை அடிப்பவர் அவர். உங்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவரும், உங்களோடு நாள்தோறும் மிக நெருக்கமாக உழைப்பவரும் ஒரே ஆள் என்பதுதான் இந்தத் தொழிலின் விசித்திரமான நிலை. அவருக்கு நீங்கள் சோம்பலாகப் பந்து போட்டால் அணி கெடும். அதைப் பயிற்சியாளர் அன்றே கவனித்துவிடுவார். அவருடைய தவறில் உள்ளூர மகிழத் தொடங்கிய கோல்கீப்பர் அந்தக் கிளப்பில் நீடித்ததாக நான் பார்த்ததில்லை.

ஆட்ட நாளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே மற்றவர்களுக்கு முன்னால் கோல்கீப்பர்கள் களத்துக்கு வருகிறார்கள். பயிற்சியாளர் நெஞ்சுயரப் பந்துகளை அடித்துக் கையைப் பழக்குகிறார். பிறகு மாற்று கோல்கீப்பர் பக்கவாட்டுக் கோட்டருகே போய் நின்று கிராஸ்களை அனுப்புகிறார். அன்றைய எதிரணி பந்தை உள்வளைத்து அடிக்கும் அணியானால் உங்கள் கிராஸ்களும் உள்வளைந்து வர வேண்டும். வெளிவளைத்து அடிக்கும் அணியானால் அப்படியே. இதைச் சரியாகச் செய்யும் மாற்று கோல்கீப்பரை முதல் கோல்கீப்பர்களே மேலாளரிடம் பரிந்து பேசி வைத்துக்கொள்கிறார்கள். இந்த நேரத்திலேயே உங்களுக்கான வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக் கோல்வாய்களிலும் புல் எவ்வளவு ஈரம், எந்த இடத்தில் பந்து வழுக்கிக்கொண்டு வருகிறது, மாலை வெயிலோ விளக்கோ எந்தப் பக்கம் கண்ணில் குத்துகிறது என்பதையெல்லாம் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் தொடங்கியபின் பெஞ்சில் உட்காரும்போது, காலுறைக்குள் கணைக்கால் காப்பும், மேற்சட்டைக்குள் ஆட்டச் சட்டையும் இருக்கட்டும். கையுறை பையின் அடியில் வேண்டாம், கைக்கெட்டும் இடத்தில், பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு இருக்கட்டும். உலர்ந்த கையுறையில் பிடி வராது, சற்று நனைக்க வேண்டும். எதிரணி எப்படி நெருக்குகிறது, ஃப்ரீ கிக்கை யார் அடிக்கிறார், அவர் ஓடிவரும் கோணம் என்ன என்று நீங்கள்தான் ஆடுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருங்கள். களைத்துப்போகும் அளவுக்குக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. இடைவேளையில் மற்ற மாற்று வீரர்கள் வட்டமாக நின்று பந்து தட்டி விளையாடும்போது, நீங்கள் பத்து நிமிடமாவது கோல்வாயில் நின்று உண்மையான பந்துகளைப் பிடியுங்கள்.

கூப்பிடும் நொடி

2024 மே 14 அன்று லண்டனில் டாட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் எடர்சன் மோதலில் அடிபட்டு வெளியேற, ஷ்டெஃபான் ஓர்டேகா உள்ளே வந்தார். சிட்டி ஒரு கோல் முன்னிலை. பருவம் முடிய இன்னும் ஒரே ஆட்டம். ஆட்டம் தொடங்கும்போது ஆர்சனல் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. 86-ஆம் நிமிடத்தில் சன் ஹியுங்-மின் தனியாகப் பந்தோடு வந்தபோது ஓர்டேகா முன்னேறி, உடலை விரித்து, காலால் தடுத்தார். சிட்டி 2-0 என்று வென்றது. ஐந்து நாள் கழித்து இரண்டு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையையும் வென்றது. அந்தத் தடுப்பில் அசாதாரண வித்தை எதுவும் இல்லை. அவசரப்பட்டுத் தரையில் விழாமல், அடிப்பவரை முதலில் முடிவெடுக்க வைத்தார். குளிர்ந்த உடம்போடு இருபது நிமிடம் முன்பு வந்த ஒருவரால் அதைச் செய்ய முடிந்தது, முந்தைய எழுபது நிமிடமும் அவர் மனத்தளவில் ஆட்டத்துக்குள் இருந்ததனால்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆட்ரியான் 2019 ஆகஸ்ட் 5 அன்று லிவர்பூலில் சேர்ந்தார். அதற்குமுன் வெஸ்ட் ஹாம் விடுவித்ததால் கிளப் இல்லாமல் இருந்தவர். நான்காம் நாள், நார்விச்சுக்கு எதிரான பருவத்தின் முதல் ஆட்டத்தில், அலிசனின் கெண்டைக்காலில் காயம் பட்டது, ஆட்ரியான் களமிறங்கினார். ஆகஸ்ட் 14 அன்று இஸ்தான்புல்லில் செல்சிக்கு எதிரான யூஈஎஃப்ஏ சூப்பர் கோப்பையில் கடைசிப் பெனால்டியைத் தடுத்து வென்று கொடுத்தார். கிளப் இல்லாத மாதங்களில் பயிற்சியை நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்காது. மூன்றாவது கோல்கீப்பருக்கும் ஒரு சேதி உண்டு: 2006 அக்டோபர் 14 அன்று ரெடிங்கில் செல்சியின் பீட்டர் செக் மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டு வெளியேற, மாற்றாக வந்த கார்லோ குடிசினியும் அதே ஆட்டத்தில் மயங்கி விழுந்தார், கடைசியில் ஜான் டெர்ரி கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே போன முதல் ஐந்து நிமிடத்துக்கு என் யோசனை எளிமையானது. முதல் பந்தைப் பின்கள வீரருக்குக் குறுகிய தூரத்தில் கொடுக்க வாய்த்தால் கொடுங்கள். கூட்டத்தைக் கவர நீண்ட பந்து வேண்டாம். நடுப்பின்கள வீரர்கள் இருவரின் பெயரையும் உரக்கச் சொல்லிக் கூப்பிட்டு உங்கள் குரலை அவர்கள் காதில் பதியவையுங்கள். முதல் கிராஸ் எட்டக்கூடியதானால் தயங்காமல் வெளியே வாருங்கள்.

நன்றாக ஆடினாலும் இடம் உங்களுடையதாகிவிடாது என்பதையும் இப்போதே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1998 வசந்தத்தில் டேவிட் சீமன் காயப்பட்டபோது ஆர்சனலின் இளம் ஆஸ்திரிய கோல்கீப்பர் அலெக்ஸ் மன்னிங்கர் தொடர்ந்து லீக் ஆட்டங்களில் கோல் விடாமல் நின்றார். ஓல்டு டிராஃபோர்டில் 1-0 வெற்றியும் அதில் அடக்கம். மார்ச் மாதத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. சீமன் குணமானதும் இடம் சீமனுக்கே திரும்பியது. மனம் கசக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஆட்டங்கள் அவர் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்த கிளப் அவற்றைத்தான் பார்க்கும்.

கோப்பை ஆட்டங்கள்

ஒப்பந்தம் பேசும்போதே லீக் கோப்பை, எஃப்ஏ கோப்பை என்ற நாக்-அவுட் போட்டிகளின் ஆட்டங்களைப் பற்றி மேலாளரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். பெரிய கிளப்புகளில் மாற்று கோல்கீப்பருக்கு ஆண்டுக்குச் சில ஆட்டங்கள் உறுதியாகக் கிடைப்பது அங்கேதான். காலிறுதிவரை ஆடவைத்துவிட்டு இறுதியாட்டத்தில் முதல் கோல்கீப்பரைக் கொண்டுவரும் மேலாளர்களும் உண்டு, ஆகவே "இறுதியாட்டமும் எனக்குத்தானா?" என்ற கேள்வியைத் தயங்காமல் கேட்டுவிட வேண்டும்.

லிவர்பூலின் அப்போதைய மேலாளர் யர்கன் க்ளாப் அப்படிப்பட்ட வாக்கைக் காப்பாற்றினார். 2022 பிப்ரவரி 27 அன்று வெம்ப்ளியில் செல்சிக்கு எதிரான லீக் கோப்பை இறுதியாட்டத்தில் அலிசனை உட்காரவைத்துக் கீவின் கெல்லஹரை ஆடவைத்தார். கோல் இல்லாமல் முடிந்த ஆட்டம் பெனால்டிக்குப் போனது. இரண்டு பக்கமும் பத்துப் பேரும் கோல் அடித்துவிட, பதினோராவதாகக் கெல்லஹர் வந்து அடித்தார். சிறுவயதில் அயர்லாந்தின் கார்க் நகரில் முன்கள வீரராக ஆடியவர் அவர். அடுத்து வந்த செல்சியின் கோல்கீப்பர் கேப்பா அரிசபலாகா பந்தைக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடிக்க, லிவர்பூல் 11-10 என்று வென்றது. கேப்பாவும் அன்று மாற்று கோல்கீப்பர்தான்; பெனால்டிக்காகவே கடைசி நிமிடங்களில் முதல் கோல்கீப்பர் மெண்டிக்குப் பதிலாக உள்ளே அனுப்பப்பட்டவர். ஆகவே பெனால்டி தடுப்பதை மட்டும் அல்ல, அடிப்பதையும் வாரம் ஒருமுறை பழகுங்கள்.

இதே மேடை அடித்து வீழ்த்தவும் செய்யும். அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் சிட்டியின் ஸாக் ஸ்டெஃபன் கோல் கோட்டருகே பந்தை வைத்துக்கொண்டு ஒரு நொடி தாமதித்தார். லிவர்பூலின் சாடியோ மானே சறுக்கி வந்து பந்தை வலைக்குள் தள்ளிவிட்டார். வாரந்தோறும் ஆடுபவர் அடுத்த சனிக்கிழமை அதை மறக்கடிக்க முடியும். ஆண்டுக்கு எட்டு ஆட்டம் ஆடுபவரின் ஒரு பிழை மாதக்கணக்கில் பேசப்படும். அதனால், காலில் பந்து வரும்போது முதல் கோல்கீப்பரின் துணிச்சலை நகலெடுக்காதீர்கள். ஒரு தொடுகை குறைவாகவே ஆடுங்கள்.

எப்போது கிளம்புவது

இந்தத் தொழிலில் மிகக் கடினமான முடிவு இதுதான். எமிலியானோ மார்ட்டினஸ் 2010-இல் ஆர்சனலுக்கு வந்து பத்தாண்டுகளில் ஆறு கிளப்புகளுக்கு லோனில் போனார். 2020 ஜூன் 20 அன்று பிரைட்டனில் பெர்ன்ட் லெனோ காயப்பட்டபோது உள்ளே வந்தவர், ஆகஸ்டில் எஃப்ஏ கோப்பையைக் கையில் ஏந்தினார். லெனோ திரும்பினால் தன் இடம் உறுதியில்லை என்று அறிந்ததும், செப்டம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்குக் கிளம்பிவிட்டார். அப்போது அவருக்கு 28 வயது. 2022 டிசம்பரில் அர்ஜென்டினாவின் உலகக் கோப்பை வெற்றியில் கோல்வாயில் நின்றவர் அவர். கெல்லஹரும் 2025-இல், 26 வயதில், பிரென்ட்ஃபோர்டுக்குப் போனார். இருவரும் தங்கள் விலை உச்சத்தில் இருந்தபோது, அதாவது ஒரு நல்ல தொடர் ஆட்டம் எல்லோர் கண்ணிலும் நிற்கும்போதே, நகர்ந்தார்கள்.

ஸ்டீவ் ஹார்ப்பர் வேறு வழி எடுத்தார். 1993 முதல் 2013 வரை நியூகாசிலில் இருபது ஆண்டுகள் இருந்தும், அவர் ஆடிய ஆட்டங்கள் 200-ஐ எட்டவில்லை. பெரும்பகுதி ஷே கிவனுக்குப் பின்னால் கழிந்தது. கிவன் போனபின், 2009-10-இல் இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ முழுப் பருவமும் ஆடி, அணியை மீண்டும் பிரீமியர் லீக்குக்கு உயர்த்தினார். தன் ஊர்ப்பக்கத்துக் கிளப்பில் வாழ்நாளைக் கழிப்பது ஒருவருக்குப் போதுமானால் அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அது தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். பழகிப்போனதாக இருக்கக் கூடாது. 24 வயதுக்குள் நூறு பெரியவர் ஆட்டங்கள் சேரவில்லையானால் லோன் கேளுங்கள். 27-இல் முதல் கோல்கீப்பர் உங்களைவிட இளையவராகவும் நான்காண்டு ஒப்பந்தத்தோடும் இருந்தால் ஒரு பிரிவு கீழே இறங்கிப்போய் ஆடுங்கள். இது என் கணக்கு. உங்கள் நிலைக்கேற்ப ஓராண்டு முன்பின் நகர்த்திக்கொள்ளலாம்.

மூன்றாவது கோல்கீப்பர்

30 வயதைத் தாண்டியபின் இன்னொரு வேலைவாய்ப்பு திறக்கிறது. 2010 முதல் பிரீமியர் லீக் அணிகளின் 25 பேர் பட்டியலில், உள்நாட்டில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கிலாந்திலோ வேல்ஸிலோ 21 வயது முடியும் முன் மூன்று பருவங்கள் பதிவாகியிருந்தவர் உள்நாட்டில் வளர்ந்தவராகக் கணக்கிடப்படுவார். ஆடவேண்டிய தேவை அரிதாகவே வரும் மூன்றாவது கோல்கீப்பர் இடத்தை ஓர் அனுபவசாலி ஆங்கிலேயரைக் கொண்டு நிரப்புவது கிளப்புகளுக்கு லாபம். ஸ்காட் கார்சன் 2019 முதல் 2025 வரை மான்செஸ்டர் சிட்டியில் ஆடியது இரண்டே ஆட்டம். அதில் ஒன்று 2021 மே மாதம் நியூகாசிலுக்கு எதிராக. பத்து ஆண்டு இடைவெளிக்குப் பின் அவர் ஆடிய முதல் பிரீமியர் லீக் ஆட்டம் அது. ரிச்சர்ட் ரைட் அதே கிளப்பில் நான்கு பருவங்கள் இருந்து ஓர் ஆட்டமும் ஆடாமல் ஓய்வுபெற்றார். இவர்களை இரக்கத்தோடு பார்ப்பவர்கள் வேலையைப் புரிந்துகொள்ளவில்லை. பயிற்சியில் முன்கள வீரர்கள் அடித்துப் பழக உண்மையான தரமுள்ள கோல்கீப்பர் வேண்டும். உடைமாற்றும் அறையில் இளைஞர்கள் கேட்கும்படி பேச ஒரு மூத்தவர் வேண்டும். பதக்கத்துக்காக மட்டும் போகாதீர்கள்: ஐந்து லீக் ஆட்டங்கள் ஆடியவருக்கே பிரீமியர் லீக் பதக்கம் உறுதி, மற்றவர்களுக்கு, கிளப்புக்குத் தரப்படும் 40 பதக்கங்களில் மீதமிருந்தால் கிடைக்கும்.

கீழ்ப்பிரிவுகளில் வேலை தேடுபவர் அவசர லோன் விதியை அறிந்திருக்க வேண்டும். ஆடத்தக்க கோல்கீப்பர் ஒருவரும் இல்லாமல் போன இஎஃப்எல் கிளப், டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்த பின்பும் ஏழு நாள் லோனில் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். எனவே தொலைபேசியை எடுங்கள், பெட்டியைத் தயாராக வையுங்கள். 1999 மே 8 அன்று கார்லைல் யுனைடெட் லீக்கை விட்டே வெளியேறும் நிலையில் இருந்தது. ஸ்விண்டனிலிருந்து லோனில் வந்து, அக்கிளப்புக்காக மூன்றே ஆட்டங்கள் ஆடிய ஜிம்மி கிளாஸ், காயநேரத்தில் எதிரணிக் கோல்வாய்க்கு ஓடிப்போய்க் கார்னரில் திரும்பிவந்த பந்தை அடித்துக் கோலாக்கி அந்தக் கிளப்பைக் காப்பாற்றினார்.

ஒப்பந்தமும் அடுத்த வேலையும்

ஒப்பந்தங்கள் பொதுவாக ஜூன் 30-இல் முடிகின்றன. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவிப்பது என்ற பட்டியல் அதற்குச் சில வாரங்கள் முன்பே வந்துவிடும். ஆட்ட ஊதியம், கோல் விடாத ஆட்டத்துக்கான ஊக்கத்தொகை போன்றவை முதல் கோல்கீப்பருக்குத்தான் பயன்படும். மாற்று கோல்கீப்பர் அடிப்படைச் சம்பளத்தையும் ஒப்பந்த ஆண்டுகளையுமே கெட்டியாகப் பேச வேண்டும். பெஞ்சில் இருந்தாலும் வெற்றி ஊக்கத்தொகை உண்டா என்று எழுத்தில் வாங்க வேண்டும். 24 வயதுக்குட்பட்டவருக்குக் கிளப் புதிய ஒப்பந்தம் தர முன்வந்தும் அவர் மறுத்துப் போனால், புதிய கிளப் இழப்பீடு கொடுக்க நேரும். இது சிறிய கிளப்புகளைத் தயங்கவைக்கும் என்பதால் அந்த வயதில் முடிவை முகவரோடும் வீரர்கள் சங்கமான பிஎஃப்ஏவோடும் பேசி எடுங்கள்.

பயிற்சியாளர் சான்றிதழ்களை முப்பதுக்கு முன்பே தொடங்குங்கள். ஆடாத நாட்களின் பிற்பகல்கள் உங்களுக்கு இருக்கின்றன. அகாடமியில் பத்து வயதுச் சிறுவர்களுக்குப் பந்து போட்டே யூஈஎஃப்ஏ கோல்கீப்பர் பி உரிமத்துக்கான பயிற்சி நேரத்தைச் சேர்த்துவிடலாம், பிறகு ஏ உரிமம். இருபது ஆண்டுகள் பக்கவாட்டிலிருந்து ஆட்டத்தைப் பார்த்தவர் மற்ற எவரையும்விட அதிகமான மேலாளர்களின் பேச்சைக் கேட்டிருப்பார், அவர்களின் தவறுகளையும் கண்டிருப்பார்; அந்தக் குறிப்புகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். லீ கிராண்ட் மான்செஸ்டர் யுனைடெட்டில் நான்கு ஆண்டுகள் மாற்றாக இருந்து, இரண்டே ஆட்டங்களில் களமிறங்கினார்; அதில் ஒன்று 2019 நவம்பரில் கஜகஸ்தானின் ஆஸ்தானாவில். 2022-இல் ஓய்வுபெற்று இப்ஸ்விச்சில் பயிற்சியாளரானார். 2025-இல் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் அவரை மேலாளராக நியமித்தது.